முகவரி இல்லாத பெட்டி

வேலை போன விஷயம் மனைவியின் காதுக்குப் போகவே கூடாது என்று நெட்காரர் சபதம் எடுத்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு எடுத்த சபதம். தெருவே அவரை நெட்காரர் என்றுதான் கூப்பிடும். பதினாறு வருஷம் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைக் கட்டிக் காத்தவரைப் பதினாறு நிமிஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொல்ல நா எழவில்லை. மறுநாளும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய் நூலகத்தில் உட்கார்ந்தார்.

ஒரே ஒரு ஓட்டை. மருத்துவக் காப்பீட்டுக்காக மனைவி அடிக்கடி கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறப்பாள். திறந்தால் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ரவுட்டரில் தடுக்கலாமென்றால் அதன் பாஸ்வேர்டு மனைவியிடம். அந்த வீட்டில் எதன் பாஸ்வேர்டுதான் அவரிடம் இருந்தது?

மண்டையைக் கசக்கினார். பழைய ரவுட்டர் ஒன்றைப் பிரிட்ஜாக, அதாவது வெறும் பாலமாக மாற்றி, வெளியிலிருந்து வரும் லைனுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவில், அலமாரிக்குப் பின்னால் செருகினார். நெட்வொர்க்கில் அதற்கென்று முகவரி கிடையாது. இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுச் சும்மா நிற்கும். நடுவில் அப்படி ஒரு ஆள் இருப்பதே ரவுட்டருக்குத் தெரியாது. கம்பெனிப் பக்கத்தை மட்டும் போகிற வழியில் விழுங்கிவிடும்.

நூலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முகவரி இல்லாத பெட்டியை அங்கிருந்து அவராலும் எட்ட முடியாது. வேலை செய்கிறதா என்று போன் போட்டு மனைவியின் வாயைத்தான் கிண்ட வேண்டும்.

"ஏம்மா, கம்பெனிப் பக்கம் திறக்குதா?"

"எங்க? சுத்திக்கிட்டே நிக்குது."

"அடடா."

"உங்க கம்பெனிதானே, போய்ச் சொல்லுங்களேன்."

"சொல்றேன், சொல்றேன்."

"யார்கிட்ட?"

"அதான்... கேக்கிறவங்ககிட்ட."

பதினெட்டு நாள் இதே கேள்வி, இதே பதில். சந்தோஷப்பட வேண்டியவர் தன்னையே நொந்துகொண்டார். இப்படி நம்புகிறாளே!

பத்தொன்பதாம் நாள், பல் டாக்டரிடம் போகிறேன், வர மதியமாகும் என்றாள். பெட்டியைச் சரிபார்க்க இதுதான் சமயம் என்று பதினோரு மணிக்கே வீட்டுக்குள் நழுவினார். அலமாரியை நகர்த்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் ஒயர் இருந்தது, நெட் ஒயர் இரண்டையும் காணோம். லைன் நேராக ரவுட்டருக்கே போயிருந்தது. பெட்டி இருந்தபோதும் நெட் ஓடியது, எடுத்த பிறகும் ஓடியது. கம்பெனியும் இப்போது அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. அழுகை வந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்து, கால்ல விழுந்துடப் போகுது."

சமையலறை வாசலில் மனைவி.

"பல் டாக்டர்?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

"ஒயரை எப்போ கழட்டின?"

"நீங்க மாட்டின மறுநாளே. பெருக்கும்போது பின்னால பச்சையா எரிஞ்சுது. ஒளிச்சு வைக்கிறவரு அதுமேல ஒரு டேப்பாவது ஒட்டக் கூடாதா? கழட்டினேன். பக்கம் திறந்துச்சு. பாத்தேன்."

அவர் தலை தானாகக் குனிந்தது.

"லைட்டை மட்டும் ஏன் விட்டு வச்சே?"

"தினம் காலையில குனிஞ்சு பாத்துட்டுத்தானே கிளம்புவீங்க. அது எரிஞ்சாத்தான் உங்க மூஞ்சியில கொஞ்சம் தெளிவு."

"அப்புறம் ஏன் திறக்கலை, திறக்கலைன்னு சொன்னே?"

அவர் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க ஆபீஸ் போறேன், ஆபீஸ் போறேன்னு சொன்னீங்களே."