தாழ்ப்பாளும் நான்கு படிகளும்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியையும் என் உடன்பிறந்த அக்காவுமான தங்களுக்கு, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், என்மேல் கோபமில்லாமலும் இருக்க வேண்டும்.

உங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் அவர்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை, "ஒண்ணு வாங்கிக் கொடுடா தம்பி" என்று போனில் கேட்டீர்கள். எனக்கு மனசு தாங்கவில்லை. ஆனாலும் வாங்கித் தர மாட்டேன். மற்றப் பள்ளிகளுக்கு யார் தம்பி? அதற்காகத்தான் தலைகீழாக நின்று ரூப்ரிக் என்கிற மதிப்பீட்டு அட்டவணையைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு படி, முதல் படி மோசம், நான்காம் படி சிறப்பு. எந்தப் படி எப்படி இருக்கும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பள்ளிகள் தங்கள் படியைக் குறித்து அனுப்பினால், குறை தெரிந்து நாங்கள் சரிசெய்வோம்.

அப்படித்தான் நினைத்தேன். கழிப்பறைக்கு நான்காம் படி 'எப்போதும் சுத்தம்' என்று எழுதினேன், உடனே பாதிப் பள்ளிகள் அதைப் பூட்டிச் சாவியை பீரோவில் வைத்துவிட்டன, உள்ளே யாருமே போகாததால் பளபளவென்று இருக்கிறது. 'எப்போதும் திறந்திருக்கிறது' என்று திருத்தினால், ஒரு புண்ணியவான் கதவையே கழற்றிவிட்டார், கேட்டால் "நீங்கதானே சார் திறந்திருக்கணும்னீங்க" என்கிறார். சரி, 'கதவும் தாழ்ப்பாளும் உண்டு' என்று மாற்றினேன், எல்லாரும் நான்காம் படி போட்டாங்க, போய்ப் பார்த்தா ஒரு பள்ளியில தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு. உண்மையைச் சொல்லி முதல் படி போட்ட ஒரே ஆள் நீங்கதான், அதுக்கு எங்க மேலதிகாரி என்ன பண்ணார் தெரியுமா, கடைசியில இருக்கிறவங்களுக்குப் பயிற்சி கொடுங்கன்னு உத்தரவு போட்டுட்டார். அடுத்த வாரம் உங்களுக்குக் கழிப்பறைப் பராமரிப்பு வகுப்பு. வகுப்பு எடுக்கப்போவது கதவைக் கழற்றிய அந்தப் புண்ணியவான்.

நான் விடுவதாயில்லை அக்கா. இனி தலைமையாசிரியர்களைக் கேட்கவே போவதில்லை. பிள்ளைகளிடம் ஒரே கேள்வி: இன்றைக்குத் தண்ணீர் குடித்தாயா? இல்லை என்றால் முதல் படி, கதவு தங்கத்தில் இருந்தாலும் சரி. மேலதிகாரி கையெழுத்துப் போடும்வரை அவர் அறை வாசலைவிட்டு நகர மாட்டேன். உங்கள் தாழ்ப்பாள் முறைப்படித்தான் வரும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாத
தம்பி

பி.கு.: புது ரூப்ரிக்கைத் இங்கே தட்டச்சு செய்யும் அம்மையாரிடம் கொடுத்தேன். அடித்து முடித்தவர், எங்கள் அலுவலகத்தின் பெயரையும் அவராகவே சேர்த்து, முதல் படியில் குறி போட்டுக் கொண்டுவந்தார். ஏன் என்றேன். "இங்க மட்டும் தாழ்ப்பாள் இருக்கா சார்? நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பகல்ல தண்ணி குடிச்சதில்ல" என்றார். அந்தக் கழிப்பறை என் அறைக்கு அடுத்த கதவு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்குக் கிளம்பிவிட்டேன். தாழ்ப்பாள் இரண்டு வாங்குகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போது கழிப்பறைப் பக்கம் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டால், அது நான்தான்.