இருநூறாவது திலாப்பியா

ஓடிப்போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. தான் செய்த தவறு வளர்ந்து பெரிதாவதை அவன் பார்க்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தோற்ற நாள் முதல் முப்பத்துநான்கு வயது வரை இந்த வசதியை நான் குறைவில்லாமல் அனுபவித்தேன். மும்பையில் பாத்திரம் கழுவினேன், காசர்கோட்டில் ரப்பர் வெட்டினேன், வெராவலில் ஐஸ் உடைத்தேன். (இடது சுண்டுவிரலின் நுனி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தேடிப் போகிற அளவுக்கு அந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை.) எங்கேயும் நாலு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. ஏதாவது ஒன்று உடையும், நான் பஸ் ஏறிவிடுவேன்.

அப்படி ஒருமுறை பஸ் ஏறி வந்து இறங்கிய இடம் என் அக்கா லில்லியின் வீடு. கேரள எல்லையோரம் பாறசாலைக்கும் பெருங்கடவிளைக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அக்காவின் கணவர் ஸ்டீபன் மச்சானுக்கு வீடுகளில் கரண்டு இழுக்கிற வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு அவர் ஒரு சங்கத்தின் தலைவர்.

அந்தச் சங்கத்தின் வேலையைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். மீன் பிடிப்பார்கள், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். புழு, தவளை எதுவும் கிடையாது. கோழியிறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஒரு ஈ மாதிரி செய்வார்கள். கனத்த நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி அந்த ஈயைத் தண்ணீரில் மெல்ல இறக்குவார்கள். ஊரில் அதற்கு ஈத்தூண்டில் என்று பெயர். மீதி நேரத்தில் நெய்யாற்றில் மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்குவார்கள், தோட்டா வெடித்து மீன் பிடிப்பவர்களோடு சண்டை போடுவார்கள், கரை இடியாமலிருக்கக் கைதை என்கிற தாழை நடுவார்கள். ரப்பர் வெட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர் என்று பதினாலு பேர். ஒருவருக்கும் இதில் சல்லிக்காசு வருமானம் இல்லை.

"பிடிச்ச மீன விடுகதுக்கு எதுக்கு மச்சான் பிடிக்கணும்?" என்று கேட்டேன்.

"ஆத்தில இன்னும் மீன் உண்டான்னு பாக்கணும்லா மக்கா. ஆளு உண்டான்னு கதவத் தட்டுகது மாதிரியாக்கும்" என்றார்.

சங்கத்தின் உயிர் ஒரு குளத்தில் இருந்தது. பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய குளம். நாட்டு மீன்களை வளர்த்து ஆற்றில் விடுவதற்காகச் சங்கத்துக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுத்திருந்தார்கள். சொதப்பினால் குளம் குத்தகைக்குப் போய்விடும். முந்தின வருடம் விட்ட கரிமீன்கள் அங்கே நன்றாக வளர்ந்திருந்தன. இன்னும் ஒரு இருநூறு குஞ்சு வேண்டும். பூவாறு ஊரில் ஒருவர் பிடித்து வைத்திருந்தார். கொண்டுவர ஆள் வேண்டும். சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான்.

மச்சான் தன் ஸ்கூட்டரைத் தந்தார். "வழியில எங்கயும் நிக்கப்பிடாது, கேட்டியா? வெயிலு பட்டா பையில வெள்ளம் சூடாவும், குஞ்சு செத்துப்போவும்."

"மச்சான், நான் பம்பாயில…"

"பம்பாய் கத வந்துட்டுச் சொல்லு. நேரா வா."

ஆக்சிஜன் நிரப்பிய இரண்டு பைகளை வாங்கிக் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு நேராகத்தான் கிளம்பினேன். படகுத்துறை குறுக்கே வந்தது. அங்கே சுற்றுலாப் படகோடு நின்றவன் மும்பையில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். "ஏறுடே, பொழி வரைக்கும் ஒரு ரவுண்டு" என்றான். பொழி என்றால் ஆறு கடலில் சேருகிற இடம். அதைப் பார்க்காமல் வருவது ஆற்றுக்கே மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றியது. ஸ்கூட்டரைத் தென்னை நிழலில்தான் நிறுத்தினேன். நிழல் நகரும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருப்பார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தபோது ஸ்கூட்டர் வெயிலில் நின்றது. இரண்டு பைகளிலும் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

வேறொருவனாயிருந்தால் மச்சானுக்குப் போன் செய்திருப்பான். நான் புத்திசாலி. திரும்பும் வழியில் ஒரு தகரக் கொட்டகையில் "மீன்குஞ்சு கிடைக்கும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து இறங்கினேன்.

"கரிமீன் குஞ்சு உண்டா?"

"கரிமீன் இல்ல. இது உண்டு" என்று சிமெண்ட் தொட்டியைக் காட்டினார் அந்த மனிதர்.

"இது என்ன மீன்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். "பாத்தா கரிமீன் மாதிரி இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "சின்னதில எல்லாம் ஒண்ணு போலத்தான். வளந்தா எல்லாம் மீனாக்கும்."

வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு ஆறுதலாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். அவர் ராகம் போட்டு இருநூறு எண்ணிப் பைகளில் விட்டு ஆக்சிஜனும் அடைத்துக் கொடுத்தார். செத்தவற்றை அவருடைய தாரா வாத்துகள் தின்றன. தடயம்கூட மிஞ்சவில்லை. சாயங்காலம் குளத்தில் விட்டபோது இருநூறும் துள்ளிக்கொண்டு போயின.

"ஒண்ணுகூட சாகல்லியே!" என்று மச்சான் என் தோளில் தட்டினார். அடுத்த இரண்டு மாதமும் தட்டிக்கொண்டே இருந்தார். ஏனென்றால் குஞ்சுகள் வளர்ந்த வேகம் அப்படி. மேலே வந்து வாயைத் திறந்து அவல் கேட்டன. "இந்த வருசத்துக் கரிமீனு கொள்ளாம்" என்று தபால்காரர் சொன்னார். குளம் கலங்கல். மேலே தெரிந்ததெல்லாம் வாய்கள்தான்.

சித்திரையில் குளக்கரையில் ஆண்டுவிழா. வார்டு மெம்பர் வந்திருந்தார், பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மேடைக்கு என்னை அழைத்துப் பாலராமபுரம் ஜரிகைக் கசவு வைத்த நேரியதுத் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். என் வாழ்நாளில் முதல் பொன்னாடை. பேசச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "பூவாறு முதல் இதுவரை ஒரு இடத்தில்கூட நான் வண்டியை நிறுத்தவில்லை" என்று மைக்கில் சொன்னேன். கைத்தட்டலுக்கு இடைவெளி விட்டு, "தாகத்துக்கு ஒரு சர்பத்துகூடக் குடிக்கவில்லை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அதன்பின் மச்சான் பிள்ளைகளுக்கு வீசிக் காட்டினார். அவர் வீசுவதைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஏணியில் நின்று மரத்த கை, கம்பைத் தொட்டதும் எலும்பில்லாததுபோல் ஆகிவிடும். நூல் ஆகாயத்தில் வளைந்து விரிந்து, ஈ மட்டும் சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. சட்டென்று இழுத்தது. கை நனைத்து மீனைத் தூக்கினார். பிள்ளைகள் கத்தினார்கள்.

மச்சான் கத்தவில்லை. மீனைத் திருப்பிப் பார்த்தார். வாலில் வரிவரியாகக் கோடு.

சங்கத்தின் செயலாளர் ஷீபா, முச்சந்தியில் தையல் கடை வைத்திருப்பவள், எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இது…"

"மிண்டாத" என்று அவள் வாயை அடக்கினார் மச்சான். மறுபடி வீசினார். அதே வால். மூன்றாவதும் அதே வால்.

மெம்பர்தான் உடைத்தார். "இது திலாப்பியால்லா! எங்க வீட்டில ஞாயிறாச்ச பொரிக்கியதாக்கும். இதத்தான நீங்க ஆத்திலிருந்து ஒழிக்கணும்னு போன வருசம் எங்கிட்ட மனு தந்தீங்க?"

அதுதான் விஷயம். வெளிநாட்டு மீன். வாய்க்குள்ளேயே குஞ்சை வைத்துக் காப்பாற்றிப் பெருகிப் பெருகி நாட்டு மீனுக்கு இடமில்லாமல் செய்கிற மீன். மழை வந்தால் குளம் நிறைந்து மடை வழியாக நெய்யாற்றுக்குப் பாயும். இருநூறும் ஆற்றுக்குள் போய்விடும். மழைக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேலே இருந்தது.

மச்சான் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். நான் அங்கே இல்லை.

பாறசாலை பஸ் ஸ்டாண்டில் நின்ற பிறகுதான் பொன்னாடை தோளிலேயே இருப்பது தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் மரியாதையாக, "எந்தக் கட்சி?" என்று கேட்டார். நாகர்கோவில் பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது போன் அடித்தது. அக்கா.

"எலே தாசா, எங்க நிக்குத?"

"பஸ்சில ஏறுகேன்."

திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"போறதுன்னா போ. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. எத்தன எண்ணம் விட்ட?"

"இருநூறு."

"ஒறப்பா?"

"அந்தாளு பாட்டுப் பாடி எண்ணினாரு அக்கா. நானும் கூட எண்ணினேன்."

"சரி. எண்ணம் தெரியல்லன்னா எப்பம் தீந்துதுன்னு தெரியாதுல்லா. அதுக்குத்தான் கேட்டேன்."

அவளுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. யாரோ கூவினார்கள்: "ஏழு!" கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரல்: "எட்டு!"

விழாப் பந்தலைக்கூட அவர்கள் பிரித்திருக்கவில்லை. என்னைத் திட்ட ஒரு நிமிடம் செலவழிக்காமல் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். நான் பார்த்த ஊர்களில் ஏதாவது உடைந்தால் முதலில் ஆளைத் தேடுவார்கள். இங்கே மீனைத் தேடினார்கள். கண்டக்டர் "கேறுகதா எறங்குகதா?" என்று கேட்டார். இறங்கினேன்.

வலை போட முடியாது. குளத்தடியில் மரக்குற்றிகள். அவற்றில்தான் பழைய கரிமீன்கள் முட்டை ஒட்டி வைத்துக் காவல் நின்றன. வலை இழுத்தால் எல்லாம் நாசம். ஆகவே ஒரே வழி: தூண்டில் போட வேண்டும், திலாப்பியா என்றால் வாளி, கரிமீன் என்றால் குளம். ரப்பர் வெட்டி முடித்தும், தபால் பை எடுக்குமுன்னும், கடை திறக்குமுன்னும் தினமும் வந்தார்கள். மோட்டார் அறைச் சுவரில் ஷீபா துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் எண்ணிக்கை எழுதினாள்.

முதல் வாரம் எனக்கு வாளி தூக்குகிற வேலை. இரண்டாம் வாரம் கம்பைத் தந்தார்கள். முதல் வீச்சில் பலாமரத்தைப் பிடித்தேன். இரண்டாவதில் ஷீபாவின் குடை. மூன்றாவதில் என் இடது காது. சங்கத்தில் கொக்கியின் முள்ளை நசுக்கித்தான் கட்டுவார்கள், விடப்போகிற மீனுக்குக் காயம் படக்கூடாது என்று. என் காது இன்றும் முழுசாக இருப்பது அந்தக் கருணையால்தான்.

"தாசண்ணா, இதையும் சுவரில எழுதட்டா?" என்றாள் ஷீபா. "காதுள்ள திலாப்பியா, ஒண்ணு."

நூறு தாண்டியதும் மீன்களுக்குப் புத்தி வந்துவிட்டது. இறகைக் கண்டால் திரும்பிப் போயின. ஷீபா இரண்டு நாள் கரையில் குந்தியிருந்து அவை எதைத் தின்கின்றன என்று பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு பச்சை ஜாக்கெட் வெட்டிய மிச்சத்திலிருந்து நூல் உருவிப் பாசி போலக் கட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் கசவு நூல் ஒரு சுற்று, மினுங்க. அன்று காலையில் மட்டும் பதினேழு. ஒரு பொறியாளரின் வேலையை அவள் ஜாக்கெட் துணியில் செய்தாள்.

அந்தப் பச்சை நூலில்தான் என் முதல் மீன். தூக்கினால் கரிமீன்! உடம்பெல்லாம் முத்து முத்தாகப் புள்ளி.

"கைய நனச்சிட்டுத் தொடுலே" என்று மச்சான் கரையிலிருந்து கத்தினார். நனைத்த கையில் அது கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தது. பிறகு விரலிடுக்கில் வழுகித் தண்ணீருக்குப் போயிற்று. என் கையிலிருந்து எத்தனையோ போயிருக்கிறது. போனதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

வாளியில் வந்ததெல்லாம் அக்காவின் அடுக்களைக்கு வந்தது. மரச்சீனிக் கிழங்கும் திலாப்பியாக் குழம்பும், மரச்சீனியும் பொரித்த திலாப்பியாவும், மரச்சீனியும் நேற்றைய திலாப்பியாவும். அக்கா மகள் ஜெனி தட்டைத் தள்ளி வைப்பாள்: "மாமா செஞ்சதுக்கு நான் எதுக்கும்மா திங்கணும்?" பாவத்தைக் கழுவினவர்கள் உண்டு. தினமும் மூன்று வேளை தின்று தீர்த்தவன் நான் ஒருவன்தான்.

மழை இடியோடு வந்தது. அன்று சுவரில் இருந்த எண் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பதினாலு பேரும் நானும் நனைந்துகொண்டு மடையில் கண்ணி நெருங்கிய வலையைக் கட்டினோம். மடை பாய்ந்தது. இலை வந்தது, ஒரு செருப்பு வந்தது, மீன் வரவில்லை.

"அந்த ஒண்ணு?" என்றேன்.

"ஒத்தைக்கு நிண்ணா அதால என்ன செய்ய முடியும்?" என்றார் மச்சான். "கூட்டுக்கு ஆளில்லாம குஞ்சு உண்டாவுமா? நீயும் முப்பத்திநாலு வருசமா அப்படித்தான நிக்குத."

சிரிப்பில் ஷீபாவின் கையிலிருந்த வலைக்கயிறு நழுவிவிட்டது. ஆனால் சுவரை அவள் அழிக்கவில்லை. "தாசண்ணா விட்டது. தாசண்ணா பிடிக்கட்டு. அதுவரைக்கும் ஊரவிட்டுப் போகப்பிடாது" என்றாள்.

அது ஆறு வருடத்துக்கு முன்பு. குளம் இன்றும் சங்கத்திடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் ஷீபா அறிக்கை வாசித்து முடிக்கும்போது, "பாக்கி: திலாப்பியா ஒன்று. பொறுப்பு: தாசன்" என்பாள். கைத்தட்டல் மெம்பருக்குக் கிடைப்பதைவிட அதிகம். வீட்டில் நான் பையை எடுத்தால் போதும், கடைக்குப் போகிற பையாக இருந்தாலும், "மாமா, அந்த ஒண்ணப் பிடிச்சிட்டுப் போ" என்பாள் ஜெனி.

இனி ஒரு உண்மை. அந்த ஒன்றை நான் பிடித்துவிட்டேன். போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஒரு சாண் நீளம், வாலில் அதே கோடு. கரையில் உட்கார்ந்து நெடுநேரம் அதைப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பொரித்துத் தின்றேன். முள்ளைப் பூனைக்குப் போட்டேன். சட்டியை மூன்று தடவை தேய்த்தேன்.

அக்கா வந்தாள். அடுக்களை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். கவிழ்த்து வைத்த சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எலே, குளத்தில அந்த ஒண்ணு இன்னும் நிக்குதுல்லா?"

"நிக்குது அக்கா."

"நிக்கட்டு" என்று சொல்லிவிட்டு மரச்சீனியை உரிக்க உட்கார்ந்தாள்.