ஒட்டாத் தாச்சி மீளப்பெறல் திட்டம்

சுனாமியில் கடல் வந்து போன பிறகு காத்தான்குடி வாவிக்கரைக்கு வந்த உதவிகளில் மிகவும் வழவழப்பானது ஒட்டாத் தாச்சி, உள்ளே கறுப்புப் பூச்சுப் பூசிய வாணலி. வீட்டுக்கொன்று கொடுத்தார்கள். கொடுக்க வந்த திட்ட உத்தியோகத்தர் உதயரூபன் அதில் ஒரு முட்டையைப் பொரித்துச் சரித்துக் காட்டினார். முட்டை வழுக்கிக்கொண்டு போய் மேசை விரிப்பில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். மரக்கரண்டி இரண்டாம் கட்டத்தில் வருமென்று சொல்லிவிட்டுப் போனார்.

றம்லாவுக்கு அது பெரிய காரியம். அவள் அப்பம் சுடும் தாச்சியைக் கடல் கொண்டுபோயிருந்தது. அப்பம் விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் எங்கள் ஊரில் கறுத்த தாச்சி வைத்திருப்பவளை, தேய்த்துக் கழுவாத சோம்பேறி என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அன்று பின்னேரமே பெண்களெல்லாம் வாவிக்கரையில் குந்தி, சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தார்கள். கறுப்பு இலேசில் போகவில்லை. விட்டார்களா? முகம் பார்க்கிற அளவுக்கு வெளுத்த பிறகுதான் எழும்பினார்கள். மறுநாள் முதல் அப்பமே தாச்சியோடு ஒட்டியது. அதன்பிறகு றம்லாவின் வாடிக்கைக்காரர் முழு அப்பத்தைக் கண்டதில்லை. மெல்ல மெல்ல அவர்களும் குறைந்தார்கள்.

யுத்தம் முடிந்து, வீதித்தடைகளெல்லாம் கழன்ற பிறகும் மரக்கரண்டி வரவில்லை. உதயரூபன்தான் வந்தார். ‘ஒட்டாத் தாச்சி மீளப்பெறல் திட்டம்’ என்ற பதாகையின் கீழ் நின்று, கறுப்புப் பூச்சு கீறுப்பட்டால் கறியில் உதிரும், சூடு மிஞ்சினால் கெட்ட புகை வரும், சுற்றாடலில் சேர்ந்தால் இலேசில் அழியாது என்று உரையாற்றினார். ஒப்படைப்பவருக்கு இரும்புத் தாச்சி.

றம்லா முதல் ஆளாக நீட்டினாள்.

“இதில பூச்சு எங்க, தங்கச்சி?”

“நீங்க தந்த அண்டைக்கே தேச்சி எடுத்திட்டன் சேர்.”

“அப்ப இது ஆபத்தில்லாத தாச்சி. மாத்தித் தர ஏலாது.”

“ஒட்டுது சேர்.”

“ஒட்டினா திட்டத்துக்குள்ளயே வராது.”

“கறுப்பெல்லாம் வாவிக்குள்ள போயிட்டே, அதுக்கு என்ன செய்யிற?”

“வாவி வேற திணைக்களம்.”

பின்னால் நின்ற தாச்சிகளும் அத்தனையும் பளபளத்தன. உதயரூபனின் முகம் வாடியது. வெறுங்கையோடு திரும்பினால் அது என்ன மீளப்பெறல்? “எப்பிடியாவது கறுப்பாக் கொண்டு வாங்க,” என்றார் மெதுவாக.

றம்லா வீட்டுக்குப் போய், உள்ளும் புறமும் தேங்காயெண்ணெய் பூசி, சிரட்டை நெருப்பில் தாச்சியைக் கருக்கினாள். மற்றவர்களும் அப்படியே. சுகாதார விழிப்புணர்வின் பயனாக ஊரே புகைந்தது.

உதயரூபன் முட்டையைப் பொரித்துப் பார்த்தார். வழுக்கியது. “பயங்கரமான தாச்சி!” என்று கையுறை மாட்டினார்.

றம்லா வாயைப் பிளந்தாள். “அல்லாஹ்வே, ஒட்டுதில்ல! சேர், எனக்கு இதுதான் வேணும், திருப்பித் தாங்க!”

“அதெப்பிடி? இப்பதானே இது ஆபத்தெண்டு உறுதியாகியிருக்கு.” சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

இரும்புத் தாச்சி கிடைத்தது. எண்ணெயில் பழக்கிய நல்ல கறுப்பு. மரக்கரண்டியும் அன்றுதான் வந்தது. றம்லா தாச்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா எட்டிப் பார்த்தார்.

“என்னகா, கறுப்போடயா வைக்கப் போறாய்?”

றம்லா தும்பை எடுத்தாள்.

மறுநாள் காலை, கடமை முடித்த களைப்பில் உதயரூபன் அவளிடம் அப்பம் சாப்பிட வந்தார். அப்பம் தாச்சியை விட்டு வரவில்லை. மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கோப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

“இதுக்குத்தான் தங்கச்சி, ஒட்டாத் தாச்சி வேணுமெண்டுறது. அடுத்த கட்டத்தில கேட்டுப் பாப்பம்.”

“கேளுங்க சேர்,” என்றாள் றம்லா. “இந்த முறையாவது கறுப்பில்லாததாப் பாத்துக் கேளுங்க.”