மாவுக்கட்டு மகாராஜா

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும். சத்தியம்! போன வருஷம் வேறொரு கதைக்கு இதே சத்தியம் செய்தபோது ஏழு பல் இருந்ததே என்று சில பேர் கணக்குக் கேட்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது வயசுக்கோளாறு.

அரியலூரில் பழைய முந்திரிக் கிடங்கு ஒன்றை நாடகக் கொட்டகையாக மாற்றியிருக்கிறார்கள். தகரக் கூரை, எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேடை. பெயர் ஞாயிறு நாடக மன்றம். மாதம் ஒரு நாடகம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. சாயங்காலம் போட்டால் ஏரிக்கொசு நடிகனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு பேரை அப்படித் தூக்கிக்கொண்டு போய் ஆண்டிமடத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் காலைக் காட்சி ஆக்கினார்கள்.

நடிப்பவர் யாரும் தொழில் நடிகர் இல்லை. ஒருவர் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். ஒருவர் தபால்காரர். டிராக்டர் உதிரிபாகம் விற்கும் செல்லமுத்து அதில் பதினொரு வருஷத்து நடிகன். நடிகன் என்றால் என்ன வேஷம் என்று கேட்கக் கூடாது. முதல் மூன்று வருஷம் திரைக்குப் பின்னால் கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரைச் சத்தம். அடுத்த நாலு வருஷம் வாயிற்காவலன். அதற்கப்புறம் பிணம். முந்திரித் தூசி மூக்கில் ஏறி ஒருநாள் பிணம் தும்மிவிட்டது. அதோடு பிணமும் கைவிட்டுப் போய், டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தார்கள்.

அப்பேர்ப்பட்ட செல்லமுத்துவுக்கு இந்தத் தடவை ராஜா வேஷம் வந்தது. வழக்கமான ராஜா, மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போய்விட்டார். வேறு யாருக்கும் அந்த அங்கி அளவு சரியாக இல்லை. நாடகத்தின் பெயர் 'பணியாத கோட்டை'. எழுதி நடத்துகிறவர் வாத்தியார் பரணிதரன். எவனுக்கும் தலைவணங்காத ஒரு ராஜா, கடைசிக் காட்சி வரைக்கும் நிமிர்ந்தே நிற்பார். செல்லமுத்துவுக்கு நாலு நாள் தூக்கமில்லை. கடையில் பேரிங் கேட்டு வந்தவரிடம், "என்ன வேண்டும், குடிமகனே?" என்றான்.

அந்த மிதப்பிலேயே வீட்டுக்குப் போய் மனைவியிடம் அறிவித்தான்.

"கலியம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு நான் ராஜா."

"வர்ற ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு நீங்க தாய்மாமன்," என்றாள் கலியம்மாள், வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னாது?"

"ஆண்டிமடத்துல உங்க தங்கச்சி அம்பிகா மவளுக்குக் காதுகுத்து. பத்தரையிலேருந்து பன்னெண்டு முகூர்த்தம். தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும். அவளுக்கு வேற அண்ணனா இருக்கான்?"

"முகூர்த்தத்த மாத்தச் சொல்லு."

"நாடகத்த மாத்தச் சொல்லுங்க."

"நோட்டீஸ் அடிச்சாச்சு!"

"அவங்க பத்திரிகையே அடிச்சாச்சு. மொத பேரு உங்க பேரு."

"நான் வர முடியாது."

கலியம்மாள் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள்.

"இங்க பாருங்க. நீங்க வரலைன்னா ஊரு உங்களையா பேசும்? அண்ணிக்காரி அமுக்கி வெச்சுட்டான்னு என்னைப் பேசும். நான் கல்யாணமாயி வந்து ஆறு வருசம் எங்கூட மொகம் கொடுத்துப் பேசாதவ உங்க தங்கச்சி. இப்பத்தான் வாய் நெறைய அண்ணி அண்ணிங்கறா. அதுல மண்ணள்ளிப் போடாதீங்க."

"பதினோரு வருசம் கலியம்மா! குதிரை, காவக்காரன், பொணம்! ஒரே ஒரு தடவை ராஜா. நான் போவ மாட்டேன். எவ வந்து சொன்னாலும் போவ மாட்டேன்!"

"எவ வந்து சொன்னாலுமா?"

"யாரு... யாரு வந்து சொன்னாலும்."

"சரிங்க," என்றாள் கலியம்மாள்.

கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் அவள் 'முடியாது' என்று சொன்னதெல்லாம் கடைசியில் முடிந்திருக்கிறது. 'சரிங்க' என்று சொன்னது ஒன்றுகூடச் சரியாக முடிந்ததில்லை. வேறொருவனாக இருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பான். செல்லமுத்துவின் தலைக்குள் ஏற்கெனவே கிரீடம் ஏறிவிட்டது.

நேராக மன்றத்துக்குப் போனான். மேக்கப் வைத்திலிங்கத்தைப் பிடித்தான்.

"அண்ணே, எனக்கு ஒரு கால் ஒடியணும்."

"எந்தக் காலு?"

"எதுன்னாலும் பரவாயில்ல. கட்டுப் போட்டா பாக்கறவன் கண்ணுல தண்ணி வரணும். ஆனா ஞாயித்துக்கிழம காலையில செருப்பு மாதிரி கழட்டிட்டு ஓடியாந்துடணும்."

வைத்திலிங்கம் கைகாரர். பழைய வேட்டியைக் கிழித்து, மைதாப் பசை காய்ச்சித் தடவி, முழங்காலுக்குக் கீழே பாதம் வரை அச்சு எடுத்து, பின்பக்கம் ஒரு நாடா வைத்தார். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார். அசல் ஆஸ்பத்திரிக் கட்டு தோற்றது. அதை மாட்டிக்கொண்டு செல்லமுத்து போன வழியில் மூன்று பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மாலை ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கினான். "ஐயகோ!" என்றான்.

கலியம்மாள் ஓடிவந்தாள்.

"என்னாங்க ஆச்சு?"

"டிராக்டர் சக்கரம் சரிஞ்சு கால்ல விழுந்துட்டு. எலும்புல கீறல். ஒரு மாசம் வண்டி வாசி ஏறக் கூடாதுன்னுட்டாங்க. ஆண்டிமடம் ரோட்டுல சிமெண்ட் லாரி போட்டிருக்கற பள்ளத்துக்கு, நல்ல காலே தாங்காது. என்னா செய்யறது, கொடுத்து வெக்கல. சுவாதிக் குட்டி மொகத்தப் பாக்க முடியாத பாவியாயிட்டேன்..."

அழுதான். பதினொரு வருஷத்தில் மேடையில் வராத அழுகை அன்றைக்கு வீட்டில் வந்தது. கலியம்மாள் கட்டிலை இழுத்துப் போட்டு, காலுக்கு இரண்டு தலையணை கொடுத்தாள்.

வியாழக்கிழமை விடியற்காலை எறும்பு வந்தது.

சும்மா எறும்பு இல்லை. மைதாப் பசையின் வாசனை அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்து எறும்புக்கும் எட்டியிருக்க வேண்டும். சுவரோரம் வரிசை கட்டி, கட்டிலின் காலில் ஏறி, கட்டுக்குள் புகுந்தது. உள்ளே போனவை கடித்தன. வெளியே நின்றவை முறை வருவதற்காகக் காத்திருந்தன. செல்லமுத்து காலை ஆட்டவும் முடியாமல் சொறியவும் முடியாமல் கண்ணில் நீர் வழியக் கிடந்தான்.

கலியம்மாள் காபியோடு வந்தாள். எறும்பு வரிசையைப் பார்த்தாள். அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"உயிரு போவுது."

"எலும்பு கூடுதுல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றாள். அலமாரியிலிருந்து எறும்புச் சாக்பீஸை எடுத்து வந்தாள். கட்டிலைச் சுற்றி நிதானமாக ஒரு கோடு போட்டாள். ஏமாந்துவிட்டாள் என்று செல்லமுத்து உள்ளுக்குள் துள்ளினான்.

சனிக்கிழமை சாயங்காலம் சீர்த்தட்டோடு அவள் ஆண்டிமடத்துக்குப் பஸ் ஏறினாள். "ஒடம்பப் பாத்துக்குங்க. அம்பிகாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செல்லமுத்து நாடாவை அவிழ்த்தான். கட்டு கட்டிலில் கிடந்தது. கால் கொட்டகைக்கு ஓடியது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடிப்பு பிடித்துப்போனால் யார் வேண்டுமானாலும் அன்பளிப்புச் சீட்டு எழுதி மைக் சின்னதுரையிடம் கொடுக்கலாம். சீட்டு வந்துவிட்டால் எந்தக் காட்சியானாலும் நாடகம் நிற்கும். சின்னதுரை வாசித்து, பொன்னாடை போர்த்தி, கைதட்டி முடித்த பிறகுதான் செத்துக்கொண்டிருப்பவர் மேற்கொண்டு சாகலாம்.

திரை ஏறியது. செல்லமுத்து கணுக்கால் வரை தொங்கும் அங்கியும் ஒட்டுமீசையுமாக ராஜாவாக நின்றான். நின்றானா? கர்ஜித்தான்! தகரக் கூரையில் பதுங்கியிருந்த புறாக்கள் கிளம்பி ஜெயங்கொண்டம் போய்த்தான் உட்கார்ந்தன. மூன்றாம் காட்சியில் தூதன் வந்து, "மன்னா, எதிரி கப்பம் கேட்கிறான்!" என்றான்.

அரியணையிலிருந்து ஒரே தாவு. ஒரு காலைத் தூக்கிப் படியில் உதைத்து, வாளை உருவி, "கப்பமா? இந்தக் கால்கள் எவன் முன்னும் மண்டியிட்டதில்லை! எவர் ஆணைக்கும்..."

"நிறுத்து, நிறுத்து!" என்றது மைக். "அன்பளிப்பு வந்திருக்கு!"

செல்லமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது. தூக்கிய காலை இறக்காமல் நின்றான். சின்னதுரை வாசித்தார்.

"கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தும், மன்றத்துக்குக் கொடுத்த வாக்குக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு தாவியும் குதித்தும் நடித்துவரும் மன்னர் செல்லமுத்துவின் தியாகத்தைப் பாராட்டி, அவர் துணைவியார் கலியம்மாள் வழங்கும் அன்பளிப்பு, வேட்டி ஒன்று, வலித்தைலம் ஒரு பாட்டில்!"

கைதட்டலில் கூரைத் தகரம் இரண்டு கழன்றது. செல்லமுத்து கீழே பார்த்தான். முன்வரிசை நாலும் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக நிறைந்திருந்தது. நடுவில் தங்கை அம்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மச்சான், பங்காளிகள், நகைத்தட்டோடு ஆசாரி. ஓரத்தில் கலியம்மாள். மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சுவாதிக் குட்டி.

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெல்ல இறக்கி நொண்ட ஆரம்பித்தான். எந்தக் காலில் கட்டுப் போட்டோம் என்பது மறந்துவிட்டது. வலது காலை நொண்டினான். கலியம்மாள் தன் இடது முழங்காலை லேசாகத் தட்டிக் காட்டினாள். ராஜா உடனே இடது காலுக்கு மாறினார்.

இரண்டாவது சீட்டு வந்தது.

"மன்னரின் தங்கை மகள் சுவாதிக்கு முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கால்தான் முறிந்ததே தவிர மடி முறியவில்லை. ஆகவே மன்னர் அரியணையில் அமர்ந்து மடி தந்து உதவுமாறு உற்றார் உறவினர் கேட்டுக்கொள்கிறார்கள்."

வாத்தியார் பரணிதரன் மேடையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்தார். "இது நாடகமா, காதுகுத்தா?"

"அண்ணே, பத்தே நிமிசம்," என்றாள் கலியம்மாள். "நம்ம கொட்டாயிக்கு வர்ற சனங்க பட்டினியா போவக் கூடாதுன்னு சக்கரைப் பொங்கலும் வடையும் நூத்தம்பது பேருக்கு வேன்லயே கொண்டாந்திருக்கோம்."

வாத்தியார் சபையைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். "இடைக்காட்சி!" என்று அறிவித்தார். "அரசவையில் காதணி விழா!"

குழந்தையை ராஜா மடியில் வைத்தார்கள். ஒட்டுமீசையைப் பார்த்து அது ஊரே கேட்க அலறியது. செல்லமுத்து மீசையைப் பிய்த்து எறிந்தான். கிரீடத்தைக் கழற்றிக் குழந்தையின் மொட்டைத் தலையில் வைத்தான். அது கண்வரை இறங்கியது. உள்ளேயிருந்து "மாமாவா?" என்று ஒரு சத்தம். "மாமாதாண்டி தங்கம்." ஆசாரி ஊசியை ஏற்றினார். குழந்தை அழவில்லை. ராஜா அழுதார். தேம்பித் தேம்பி, அங்கி நனைய அழுதார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அப்படி ஒரு காட்சியை அந்தக் கொட்டகை கண்டதில்லை என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அதற்கப்புறம் போர்க்காட்சி. கால் முறிந்த ராஜா குதிக்க முடியாது என்று சபைக்கே தெரிந்துவிட்டதால், ராஜா உட்கார்ந்தே வாளை நீட்டினார். எதிரி மன்னன் தானாக ஓடிவந்து அதன்மேல் விழுந்து செத்துக் கொடுத்தான்.

வேன் கிளம்பும்போது அம்பிகா கலியம்மாளைக் கட்டிக்கொண்டாள். "ஒடைஞ்ச காலோட அண்ணன் வரமுடியாதுன்னதும் மனசு விட்டுப் போயிட்டேன் அண்ணி. நீங்க மட்டும் இல்லேன்னா இந்தக் காதுகுத்தே இல்ல." செல்லமுத்து பக்கத்தில் இடது காலை இழுத்துக்கொண்டு நின்று தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினான். காலைத் தரையில் ஓங்கி உதைத்தான்.

"இந்தா பாரு கலியம்மா! இன்னைக்கு என்னைய நொண்ட வெச்சிருக்கலாம். ஆனா ராஜா ராஜாதான். அடுத்த மாசமும் மேடை ஏறுவேன். அதுக்கடுத்த மாசமும் ஏறுவேன். எந்தக் காதுகுத்து, எந்தக் கல்யாணம் வந்தாலும் என்னைய ஒருத்தரும் தடுக்க முடியாது!"

"ஐயே, யாருங்க தடுத்தா? நல்லா ஏறுங்க," என்றாள் கலியம்மாள். "பதினேழாந்தேதி. அன்னைக்கு நம்ம சொந்தத்துல ஒரு விசேசமும் இல்ல. இனிமே மன்றத்து நாடகத்துக்கெல்லாம் தேதி குறிச்சுக் கொடுக்கறது நாந்தான்னு வாத்தியாரு அண்ணன் எழுதியே கொடுத்துட்டாரு. போங்க, நேரமாவுது, கட்டை மாட்டிக்கிட்டுப் படுங்க. உங்கள நலம் விசாரிக்க ஆண்டிமடத்துக்காரங்க நாளைக்கு மறுபடியும் வராங்க."

நடந்தது இவ்வளவுதான். இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று செல்லமுத்து கேட்டால், பெரம்பலூர் பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். கலியம்மாள் கேட்க மாட்டாள். அவளுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.