வீடு அவளுக்கு, பலகை அவனுக்கு

எங்கள் கல்முனைப் பக்கத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். காவின் எழுதுகிறார்கள், அதாவது கலியாணப் பதிவு நடக்கிறது. வேறு எதையும் எழுதலாம் என்று யாருக்கும் தோன்றாது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், கொழும்புக்குப் போய்ச் சட்டம் படித்துவிட்டு வந்த எனக்கு மட்டும் ஒருநாள் மறந்துபோயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புதிதாக நொத்தாரிசாகி, அதாவது பத்திரம் எழுதும் சட்டத்தரணியாகி, ஒரு சாரக்கடைக்குப் பக்கத்தில் கந்தோர் திறந்திருந்தேன். (கந்தோரைவிடப் பெயர்ப்பலகை பெரிது.) வருகிற வேலையெல்லாம் ஒரே மாதிரி: வாப்பாமார் மகள்மாருக்கு வீடு எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரங்கள். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டியதுதான். ‘இவ்வீடு மேற்படி பெண்ணுக்கே உரித்தாகும்’ என்று எழுதி எழுதி, அந்த வரியை என் கை தூக்கத்திலும் எழுதும் என்கிற நிலைமை.

எனக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண், மருதமுனை அலியார் ஹாஜியாரின் மூத்த மகள் பரீதா. நான் அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்தப் படத்தை ஒரு சட்டப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததால் என் சட்ட அறிவு அந்தப் பக்கத்தைத் தாண்டி வளரவேயில்லை. ஹாஜியார் பள்ளிவாசல் மரைக்கார், அதாவது நிர்வாகிகளில் ஒருவர்; கண்டிப்பான மனிதர். “பொடியன்ட நடத்தையப் பத்தி ஒரு சொல் என்ட காதுக்கு வரக்கூடா. வந்தா சம்பந்தம் முடிஞ்சுது” என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே அந்தப் புத்தகத்தை அலுமாரிக்குள் இன்னும் உள்ளே தள்ளிவைப்பேன்.

இந்த நிலைமையில்தான் பொத்துவிலிலிருந்து ஈவாவும் பீட்டரும் வந்தார்கள். இருவரும் வெளிநாட்டுக்காரர். கடற்கரையில் காணி குத்தகைக்கு எடுத்து, ஒரு வீடும் சில குடில்களும் கட்டியிருந்தார்கள். கலியாணம் முடிக்கவில்லை; முடிக்கிற எண்ணமும் இல்லை. நாளைக்குப் பிரிந்தால் எது யாருக்கு என்று ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். வீட்டில் ஆளுக்குப் பாதி, நாய் ஈவாவுக்கு, கடலில் அலைமேல் ஏறி நின்று சறுக்குகிற பலகை பீட்டருக்கு. ஊரிலுள்ள மூத்த சட்டத்தரணிகள் எல்லோரும் சிரித்துக் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. பிரிவதைப் பற்றி இவ்வளவு அன்பாகக் கதைத்த சோடியை நான் கண்டதேயில்லை. எங்களிடம் சேர்ந்திருப்பதைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு அமைதியாகக் கதைப்பதில்லை.

முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன்.

கையெழுத்து வைக்கும் நாள் வந்தது. முதல் வெளிநாட்டுக் கட்சிக்காரர் என்பதால் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அத்தரும் பூசிக்கொண்டேன். (எங்கள் ஊரில் அந்த வெயிலில் கோட் போடுகிறவர்கள் இரண்டே வகை. சட்டத்தரணி ஒருவர்; மற்றவர் மாப்பிள்ளை.) ஈவா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். பீட்டர் பலகையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அது என்ன சாமான் என்று விளங்காமல் சோதனைச் சாவடியில் மறித்து வைத்துவிட்டார்களாம். ஊருக்கு மரியாதையாக அவள் தலையில் முக்காடு போட்டிருந்தாள். கையில் ஒரு பார்சல் தொதல் வேறு, நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற இனிப்பு.

நேரத்தை வீணாக்கக் கூடாதென்று சாட்சிக் கையெழுத்துக்காகப் பக்கத்துச் சாரக்கடை சலீம் காக்காவைக் கூப்பிட்டேன்.

“என்ன தம்பி எழுத்து?”

“ஆணும் பொண்ணும் காவின் எழுதாம சேந்து வாழுற ஒப்பந்தம் காக்கா. இந்த ஊரில இதான் முதலாவது” என்றேன் பெருமையாக.

சலீம் காக்கா கோட்டைப் பார்த்தார். முக்காட்டைப் பார்த்தார். தொதலைப் பார்த்தார். ஈவா சிரித்துக்கொண்டே, தான் படித்திருந்த தமிழில் “ஓம், சந்தோசம்” என்றாள்.

“நான் லுஹர் தொழுதிட்டு வாறன் தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். பள்ளிவாசல் இடப்பக்கம்; சைக்கிள் வலப்பக்கம், மருதமுனைக்குப் போனது. ஊரின் முதல் ஒப்பந்தத்தைப் பற்றி யாரிடமோ பெருமையாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அலியார் ஹாஜியார் வாசலில் நின்றார்.

“இந்தக் கோட்ட எங்கட ஊட்டுக்கு வாறத்துக்குத்தான் தச்சீங்க எண்டு நினச்சிருந்தன் மகன்” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“மாமா, மாப்பிள நான் இல்ல. ஆள் வந்துகொண்டிரிக்காரு.”

“எந்த ஆள்?”

றோட்டில் ஒரு ஆளையும் காணவில்லை. அந்த நேரம் பார்த்து ஈவா எழுந்து, தொதலை நீட்டி, “எடுங்க மாமா” என்றாள். பொத்துவிலில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டுமென்று யாரோ நல்ல மனிதர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஹாஜியாரின் முகம் கறுத்தது. பரீதாவின் படம் புத்தகத்தோடு பறந்துபோவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அப்போதுதான் பீட்டர் மோட்டார் சைக்கிளைச் சாவடியில் விட்டுவிட்டு, பலகையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். ஈவா ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். ஹாஜியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் திருப்பிய முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு முத்தத்துக்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

“அது என்ன, மையத்துக் குளிப்பாட்டுற பலகையா?” என்று, பிணம் கழுவும் பலகையை நினைத்துக் கேட்டபடி ஹாஜியார் உட்கார்ந்து, தமிழ்ப் பிரதியை எடுத்து வாய்விட்டு வாசித்தார். “‘இவ்வீடு மேற்படி பெண்ணுக்கே உரித்தாகும். பிரிய நேர்ந்தால் ஆண் தன் உடுபுடவையையும் பலகையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும்.’” தலையை ஆட்டினார். “நல்ல எழுத்து.”

எனக்குத் திக்கென்றது. ஆளுக்குப் பாதி என்றல்லவா சொன்னார்கள்? என் கை பழக்கதோஷத்தில் மருதமுனை வாப்பா எழுதுவதுபோல எழுதிவிட்டது. நான் அதையே கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்திலும் தட்டியிருக்கிறேன். பீட்டர் அதை வாசித்துவிட்டு, “நாங்கள் பேசியது இதுவல்லவே” என்றான். ஈவாவும் வாசித்தாள். “எனக்கு இது பிடித்திருக்கிறது” என்றாள். அவ்வளவுதான், அவர்கள் மொழியில் சண்டை தொடங்கியது. பிரிந்தால் என்ன செய்வது என்று எழுத வந்தவர்கள், என் புண்ணியத்தில் அங்கேயே பிரிந்துவிடுவார்கள் போலிருந்தது.

“என்னவாம்?” என்றார் ஹாஜியார். சொன்னேன். புருசன் பெண்சாதி வழக்குகளைப் பேசித் தீர்த்துப் பழகிய மனிதர். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்தப் பொம்புளய உட்டுட்டுப் போற நோக்கம் இரிக்கா எண்டு அவரிட்டக் கேளுங்க.”

கேட்டேன். “இல்லையாம் மாமா.”

“அப்ப ஊடு ஆர்ட பேரில கிடந்தா என்ன? போறவருக்குத்தானே பாதி வேணும். இரிக்கிறவருக்கு முழு ஊடும் இரிக்கே.”

நான் மொழிபெயர்த்தேன். பீட்டர் தாளை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தான். பிறகு சிரித்துவிட்டான். “நாய் எனக்கு வேண்டும்” என்றான். ஈவா சம்மதித்தாள். நாயைப் பேனாவால் திருத்தினேன். இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

சாட்சியாக ஹாஜியாரே பேனாவை வாங்கினார். “அவங்கட பாவம் புண்ணியம் அவங்களோட. பொண்ணுக்கு ஊடு எண்ட வரிக்கு நான் சாட்சி.” படி இறங்கும்போது என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கேக்காமலே பொண்ணுக்கு ஊடெழுதுற கை. மகளத் தாராளமாக் குடுக்கலாம்” என்றார். நான் கந்தோருக்குள் வந்து, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத் தொதல் முழுவதையும் தின்றேன். அப்படியொரு நிம்மதியை நான் சட்டப் பரீட்சை பாஸானபோதுகூட அனுபவித்ததில்லை.

சலீம் காக்கா பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். “தொழுகை முடிஞ்சுதா காக்கா?” என்றேன். “கொஞ்சம் தூரத்துப் பள்ளி தம்பி” என்றார்.

அந்த ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்குமா என்று கேட்காதீர்கள். அதை யாரும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

பெருநாள் முடிந்து கலியாணம் நடந்தது. அதே கோட்டோடும் ஒரு சூட்கேசோடும் மருதமுனைக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு, பரீதா முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தாள்.

“பலகை கொண்டரல்லயா?”

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு வெளியே போகச் சட்டையை மாட்டினால் போதும், குசினிக்குள்ளிருந்து குரல் வரும்: “பலகையையும் எடுத்துக்கங்க.” பிள்ளைகளும் சேர்ந்து தேடுவதுபோலப் பாசாங்கு செய்வார்கள். என்னிடம் பலகை இல்லை. அதனால் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.