ஆர்கனுக்கு வழி விட்ட ஊர்

உலக நாகரிகத்துக்கு யார்க்‌ஷயரில் உள்ள எங்கள் சிற்றூர் அளித்த மாபெரும் கொடை, தியேட்டர் ஆர்கன் பாதுகாப்புச் சங்கம். ஊமைப் படங்களுக்கு இடியும் மழையும் குதிரைக் குளம்போசையும் வாசித்த எங்கள் குழாய் ஆர்கன் என்ற ராட்சத இசைக்கருவியை, தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியபோது அவர்கள்தான் 'மீட்டார்கள்'. முதலில் பள்ளிக்கூட அரங்கில் குடிவைத்தார்கள். பந்து பட்டால் குழாய் நசுங்கும் என்பதால் பிள்ளைகள் இரண்டு குளிர்காலம் மழையில் உடற்பயிற்சி செய்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் விழித்துக்கொண்டது. ஆர்கன் சமூகக்கூடத்துக்கு வந்தது.

அங்கே வியாழக்கிழமைதோறும் எனிட் ஹோல்ராய்ட் முதியவர்களுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போடுவார். பலருக்கு அந்த வாரத்தில் இன்னொரு முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது அன்றைக்கு மட்டும்தான்.

சங்கத் தலைவர் க்ளைவ் ஆர்மிட்டேஜ் காற்றின் ஈரம் அளக்கும் கருவியோடு எழுந்தருளினார். ஒட்டுக்கேட்பது என் வழக்கமல்ல, கதவு மெல்லியது.

"எனிட் அக்கா, ஒங்க பட்டாணி வேகுற ஆவி ஆர்கனோட தோல் துருத்திய ஊற வைக்குது."

"அப்ப பச்சையாவே போடட்டுமாப்பா? இங்க பாதிப் பேருக்குப் பல்லே கெடையாது."

"டீ பாய்லரும் ஆவி விடுது."

"நாங்களுந்தான் மூச்சு விடுறோம்!"

"அதையும் கமிட்டில பேசினோம்க்கா," என்றார் க்ளைவ் மிகுந்த வருத்தத்தோடு.

எனிட்டுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானமும், எனிட்டை வெளியேற்றும் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறின. பானைகள் தேவாலயத்தின் பின்கட்டுக்குப் போயின.

தொடக்க விழாவில், வெள்ளைக் கோட்டணிந்த க்ளைவோடு ஆர்கனின் வாசிப்பு மேசை, பழைய தியேட்டர் பாணியில், தரைக்கடியிலிருந்து மின்தூக்கியில் கம்பீரமாக மேலெழுந்தது. கீழே கமிட்டியும் கமிட்டியின் மனைவிமாரும் இருந்தார்கள். வேறு யார் என்று பார்த்தால், நான். அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்டு உருகக்கூடிய அத்தனை பேரும் எனிட்டின் சாப்பாட்டுக்காரர்கள். கோபத்தில் ஒருவரும் வரவில்லை. 'ஊருக்கு ரசனை இல்லை' என்று கமிட்டி குறிப்பெழுதியது. ஆர்கனை மக்கள் உள்ள இடத்துக்கு 'மீட்பது' என்றும் முடிவாயிற்று.

அடுத்த வியாழன், ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் தேவாலயப் பின்கட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் க்ளைவ், கையில் அளவு டேப்.

"அடடா, என்ன கூட்டம், என்ன கலகலப்பு! ஆர்கனுக்கு ஏத்த எடம் இதுதான்!"

எனிட் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க எங்கப்பா போறது?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? ஒங்களுக்காகத்தானே கொண்டாறோம்!" என்ற க்ளைவ், சாப்பாட்டு மேசையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிவிட்டு, டேப்பின் மறுமுனையை எனிட்டின் கையிலேயே கொடுத்தார்.

ஆர்கனைக் காப்பாற்ற எங்கள் ஊரில் சங்கம் இருக்கிறது. சங்கத்திடமிருந்து ஊரைக் காப்பாற்றத்தான் இன்னும் ஒன்றும் இல்லை.