பாதாளக் குளத்துப் பூசாரி

"வரமுடியாதுன்னா என்னய்யா அர்த்தம்? பதினாலு பேரைக் குளத்தங்கரையில நிறுத்தி வச்சிருக்கேன்!"

கைபேசியில் கத்தினான் சுற்றுலா வழிகாட்டி ஹசிந்தோ. கம்பெனி வழக்கமாக அழைக்கும் பூசாரியோ, மச்சினி பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து, மண்குழியில் சுட்ட பன்றிக்கறி இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

'பழங்காலக் கோயில், பாதாளக் குளத்தில் குளியல், மாயன் பூசாரியின் நேரடி ஆசி' என்று கம்பெனி விளம்பரத்தில் அச்சடித்திருந்தது. தலைநகரத்திலிருந்து வந்திருந்த ஓஃபெலியா அம்மாள் மூன்றாவதற்காகவே வந்தவர். கோயில் பிரமிடில் ஏற விடவில்லை என்று காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா வழிகாட்டி அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுத் தொப்பி விக்கப் போ" என்று முதலாளி போன வாரமே சொல்லியிருந்தார். பதினோரு வருடமாக அவன் கழுத்தில் தொங்கும் அட்டை அது. அதை எடுத்துவிட்டால் ஊரில் அவனை யாரென்று கேட்பார்கள். ஹசிந்தோவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"பூசாரி எங்கே தம்பி?" என்றார் ஓஃபெலியா.

"தியானத்துல இருக்கார் மேடம். தொந்தரவு பண்ணக் கூடாது."

பூசாரியாகப் போகிறவன் அப்போது பஸ்ஸுக்குப் பின்னால் மாங்காய் தின்றுகொண்டிருந்தான். டிரைவர் வில்பர்ட்.

"நானா? காலையிலேர்ந்து அவங்களை ஏத்தி இறக்கிட்டிருக்கேன். கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"டிரைவர் மூஞ்சியை எவன்டா பார்க்கிறான்? தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழட்டு!"

சாப்பாட்டுக் கொட்டகையின் மேசைவிரிப்பு அங்கியானது. வான்கோழி இறகு கிரீடமானது. சாம்பிராணி கிடைக்காததால் கொசுவர்த்தி.

வில்பர்ட் கண்ணை மூடி, தண்ணீரைப் பார்த்துக் கையை உயர்த்தி, கணீரென்று மாயா மொழியில் ஆரம்பித்தான். வேறெதுவும் தோன்றாததால் பஸ் டயர் மாற்றுவது எப்படி என்று விளக்கமாகச் சொன்னான். ஜாக்கியைப் போடச் சொல்லும் இடத்தில் ஓஃபெலியாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மிதவைச் சட்டை வாடகைக்கு விடும் நசாரியோ மட்டும் ஓரமாக நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஹசிந்தோ பாய்ந்து போனான். "பெரியவரே, புனிதமான நேரத்துல என்ன இளிப்பு? பூசைன்னா என்னன்னு தெரியுமா உமக்கு?"

"நமக்கென்ன தெரியும் தம்பி" என்று அவர் ஈரச் சட்டைகளை உதறப் போய்விட்டார்.

வினை அதோடு முடியவில்லை. ஓஃபெலியா தம் முழங்கால் வலிக்கு மந்திரிக்கச் சொன்னார். இன்னொருவர் மகள் திருமணத்துக்குக் குறி கேட்டார். வில்பர்ட்டும் உற்சாகத்தில் இருவருக்கும் டயருக்குக் காற்றடிக்கும் முறையை மந்திரமாக ஓதினான்.

"இவரை நடந்து போக விடுறதாவது! நம்ம பஸ்ல கூட்டிட்டுப் போய் வீட்டுல விடுவோம். என் பக்கத்துல உட்காரட்டும்" என்றார் ஓஃபெலியா.

பூசாரி பயணி இருக்கையில் உட்கார்ந்தால் பஸ்ஸை யார் ஓட்டுவது?

ஹசிந்தோ மறுபடி நசாரியோவிடம் ஓடினான். "பெரியவரே, நீங்க முன்னே சோள லாரி ஓட்டினவர்தானே?"

"ஆமா. எனக்கும் நாலு மணிக்கு ஊர்ல ஒரு வேலை இருக்கு. வழியிலதான். அதுவரைக்கும் ஓட்டுறேன்."

அப்பாடா! அந்த ஊரில் பூசாரியை இறக்கிவிட்டால், தொப்பி மாட்டிக்கொண்டு வில்பர்ட்டே மறுபடி டிரைவராக ஏறிவிடுவான். வில்பர்ட்டின் தொப்பியும் கண்ணாடியும் நசாரியோவுக்குப் போயின. பதினாலு பேரும் அவரைத் தாண்டித்தான் ஏறினார்கள். டிரைவருக்கு இருபது வயது கூடியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

வழியெல்லாம் சோளப் பயிர் காய்ந்து நின்றது. ஓஃபெலியா பூசாரியின் கையை விடவே இல்லை.

"உன் கம்பெனிக்கு இன்னைக்கே பாராட்டு எழுதுறேன் தம்பி. அசல் பூசாரியைக் காட்டினே!"

ஹசிந்தோ கழுத்து அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

நசாரியோவின் ஊர் எல்லையில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கையில் கோழி, மெழுகுவர்த்தி, சோளக் கஞ்சிக் குடுவை.

"பாருங்க, பூசாரியை வரவேற்க ஊரே திரண்டிருக்கு!" ஓஃபெலியா கைபேசியை நீட்டிப் படம் பிடித்தபடி வில்பர்ட்டைக் கையைப் பிடித்து இறக்கினார். மேசைவிரிப்பு காற்றில் படபடத்தது. வில்பர்ட்டுக்குக் கால் நடுங்கியது.

கூட்டம் அவனைத் தாண்டிப் போய் டிரைவர் ஜன்னலடியில் நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வெளியூர்க்காரர் முன்னால் மாயாவில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று ஒரு பெண் சுத்தமான ஸ்பானிஷில், பஸ்ஸுக்கே கேட்கும்படி, நசாரியோவிடம் சொன்னாள்:

"வாங்க பூசாரி ஐயா, மழைப் பூசைக்கு எல்லாம் தயாரா இருக்கு. ஆமா, மேசைத்துணியைப் போர்த்திக்கிட்டு நடுங்குறாரே, இந்த ஆளுக்கு என்ன, காய்ச்சலா? மந்திரிக்கக் கூட்டிட்டு வந்தீங்களா?"